அக்காவுக்கு, தலைத் திவசத்துக்கு முன்னால்

அக்கா,

அம்மாவின் திவசத்துக்குப் புதன்கிழமை என்று தேதி குறித்திருப்பதை சித்தப்பா மகன் வாட்ஸப்பில் போட்டிருந்தான். நீ சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லைதான்.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். நாலு தடவை எழுதி அழித்தேன். ஆனால் நான் உன்னைப் பேசியது நாலு பேர் முன்னால். ஆஸ்பத்திரி வராந்தாவில், மாமா, சித்தி, பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தக்காரர்கள் என்று அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. கத்தியது ஊருக்கு நடுவில், மன்னிப்பு மட்டும் மூலையில் என்றால் நன்றாக இல்லை. அதனால் நம் ஆட்கள் படிப்பார்கள் என்று தெரிந்தே இங்கே எழுதுகிறேன். அதே காரணத்தால் சிலதைத் தொடவும் மாட்டேன். வீட்டு விஷயமும், பதினாறாம் நாள் அத்தான் பேசியதும் இங்கே வராது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், போதும்.

எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. கார்த்திகையில் பார்த்தேன். வெறும் வயிற்றில் 168, மூன்று மாத சராசரி 7.9. மெட்ஃபார்மின் 500, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை இரண்டு மாதம் கைப்பையிலேயே வைத்திருந்தேன். சிரிக்காதே. மாத்திரை மாத்திரை என்று போனில் உன் உயிரை வாங்கியவள், நாட்டு மருந்துக் கடையில் ஆவாரம்பூ வாங்கி வந்து, ராத்திரி வெந்தயம் ஊறப்போட்டு, காலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டில் இவருக்கும் தெரியாது. சர்க்கரை என்று வாயால் சொன்னால் அம்மாவின் கால் கண் முன்னால் வந்து நிற்கிறது. அவ்வளவுதான் காரணம்.

மறுபடி போனபோது டாக்டர் என் காலைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பேனா மாதிரி ஒன்றில் செருகியிருந்த நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும். தொடும்போதெல்லாம் "தெரியுதா?" என்று கேட்டார். எல்லா இடத்திலும் தெரிந்தது. பெருவிரலுக்கு அடியில் வைத்தபோது நான் அழ ஆரம்பித்துவிட்டேன். வலிக்கிறதோ என்று அவர் பயந்துவிட்டார்.

அம்மாவின் காலை யாரும் இப்படித் தொட்டுப் பார்த்ததே இல்லை, இல்லையா?

அந்தப் பொங்கல். மறுநாள் நெல்லை எக்ஸ்பிரஸில் எனக்கு டிக்கெட். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, உள்ளங்கால் எரியுது, அப்புறம் மரத்துப்போகுது, ஒண்ணும் புரியல என்று அம்மா காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எரிச்சலும் மரப்பும் ஒரே காலில் எப்படி இருக்கும் என்று நான் கேட்டேன். இருக்கும் என்று இப்போது தெரியும். சர்க்கரை நரம்பைக் கெடுத்தால் சும்மா இருக்கும்போது ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், ஆனால் நிஜமாகவே ஊசி குத்தினால் தெரியாது. அன்று நம் இரண்டு பேருக்கும் அது தெரியாது.

நீ இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தாய். கல்லுப்பு, ஒரு கை நொச்சி இலை. உப்பு படபடவென்று வெடிக்கிற வரைக்கும் வறுத்து, அம்மாவின் பழைய நூல் சேலைக் கிழிசலில் கொட்டி முடிச்சுப் போட்டாய். அந்த வாசனை இப்போதும் எனக்குப் பிடிக்கும், என்ன செய்ய. மூட்டையை எடுத்ததும் முதலில் உன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்தாய். கொஞ்சம் ஆறவிட்டாய். மறுபடி வைத்துப் பார்த்தாய். அப்புறம்தான் அம்மாவின் காலுக்குப் போனது, அதுவும் ஒரே இடத்தில் நிற்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தாய். கை வைத்தியத்தில் கை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் அந்த மணிக்கட்டைத்தான் காட்டுவேன்.

பிறகு மாடு கத்தியது. நீ எழுந்து போனாய்.

இரண்டாவது மூட்டையைக் கட்டியது நான்.

நான் எங்கும் வைத்துப் பார்க்கவில்லை. "சூடே தெரியலட்டி, நல்லா அமுக்கி வை" என்றாள் அம்மா. நல்லா அமுக்கி வைத்தேன். இடது கால், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் கீழே. ஒரு கையில் மூட்டை, ஒரு கையில் போன். அம்மாவுக்கு இதமாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் வைத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "நீ வச்சாத்தான்டி சுகமா இருக்கு" என்று சொன்னாள். அதை நீ தொழுவத்திலிருந்து கேட்டாயோ என்னவோ. அந்த வார்த்தையை ரயிலேறி சென்னை வரைக்கும் சுமந்து வந்தேன். உன்னை ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு அற்ப சந்தோஷம்.

மறுநாள் கொப்புளம். நீ போட்டோ அனுப்பினாய். நான் திறந்து பார்க்கவே இரண்டு நாள் ஆனது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டிருக்கிறேன் என்றாய், சரி என்றேன். சோற்றுக்கற்றாழை வைத்தேன் என்றாய், அதற்கும் சரிதான். காய்ந்துவிடும் காய்ந்துவிடும் என்று பதினோரு நாள் போய்விட்டது.

பாதத்தில் கட்டைப் பிரித்த டாக்டர், "யாரும்மா இதுல சூடு வச்சது?" என்று கேட்டார். நான் உனக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என் வாய் திறப்பதற்குள், இல்லை, பொய் சொல்லக்கூடாது, திறக்க நேரம் இருந்தது. நீ என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தான் சார்" என்றாய்.

அதற்கு அரை மணி நேரம் கழித்துத்தான் நான் வராந்தாவில் உன்னைக் கத்தினேன். உப்பையும் இலையையும் வைத்தே அம்மாவைக் கொல்லப் பார்க்கிறாய் என்று. நீ பதில் பேசவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாய்.

இதற்கு மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிறேன்.

கேட்டுவிட்டு, இன்னொன்றையும் கேட்கிறேன். ஏன் அப்படிச் சொன்னாய்? யார் உன்னை எனக்காகச் சுமக்கச் சொன்னது? நீ வாயை மூடிக்கொண்டதால் நான் ஒரு வருஷம் உன்னைக் குற்றவாளியாக வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். அதுவும் நிம்மதியில்லை. சின்ன வயதில் உடைந்த கண்ணாடி டம்ளருக்கு நீ அடி வாங்கின அதே கதை. அப்போதும் அடி விழுந்தது உனக்கு, கெட்ட பெயர் எனக்கு. உன் நல்ல குணத்தால் எனக்கு எப்போதும் நஷ்டம்தான்.

மாத்திரை விஷயத்திலும் உன்னை முழுசாக விட முடியவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலை நீ பார்த்தாயா பார்க்கவில்லையா? மக்களைத் தேடி மருத்துவத்தில் அந்தப் பெண் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த அட்டைகள், பிரிக்காமலே, பாட்டில் நிறைய. அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. முதலில் நீதான் கொடுக்காமல் விட்டாய் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு மதினி சொல்லித்தான் தெரிந்தது, கஷாயம் குடிக்கிற நாளில் மாத்திரை வேண்டாமென்று அம்மாவே ஒதுக்கிவைத்திருக்கிறாள் என்று. சரி, அம்மா செய்தது. ஆனால் ஒரே வீட்டில் இருந்தவள் நீ. பாளையங்கோட்டைக்கு நீதான் கூட்டிப்போனாய், அந்த சித்த மருத்துவரே மாத்திரையை நிறுத்தாதீங்க, மருந்தோடு சேர்த்து எடுங்க என்று சொன்னதாக எனக்குப் போனில் சொன்னதும் நீதான். அவர் சொன்னதையாவது எண்ணிப் பார்த்துக் கொடுத்திருக்கலாம் இல்லையா?

அறுநூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு மாத்திரை எண்ணச் சொல்வது சுலபம் என்பாய். ஆமாம், சுலபம்தான். நான் பணம் அனுப்பினேன். அதற்கு மேல் எழுதினால் அத்தான் பேச்சு வந்துவிடும், விடுகிறேன்.

உன் வைத்தியத்தை நான் நம்பாதவள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். 2012 டெங்குவின்போது அரசு ஆஸ்பத்திரியிலேயே நிலவேம்புக் குடிநீர் கொடுக்க ஆரம்பித்ததும், "பாத்தியாட்டி" என்று எனக்குப் போன் பண்ணினாய். நிலவேம்பு என்ற பெயர் மட்டும்தான் ஊருக்குத் தெரியும். நீ விரலை மடக்கி ஒன்பது சரக்கையும் சொல்வாய்: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம். பற்பாடகம் என்றால் என்ன என்று நான் இன்றைக்கும் பார்த்ததில்லை.

என் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த நாற்பது நாளை மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாயா? விடியற்காலையில் வெந்நீர் காய்ச்சி நீ இடுப்பில் ஊற்றிய வேகம். பால் சுரக்கவில்லை என்று நான் அழுதபோது வாங்கி வந்த பால்சுறா, அதைப் புட்டாக்கி, பூண்டு உரித்து உரித்து உன் விரல் நகமெல்லாம் எரிந்தது. சளி பிடித்தபோது போர்வைக்குள் என்னோடு நீயும் தலையை நுழைத்துக்கொண்டு வேது பிடித்தாய், ஒருத்தி மட்டும் இருட்டில் மூச்சு முட்ட உட்கார்ந்தால் பயமாக இருக்கும் என்று. பால் சுறாவால் வந்ததா, நீ பக்கத்தில் இருந்து தூங்கவிட்டதால் வந்ததா, எனக்குத் தெரியாது. வந்தது. எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

ஆனாலும் குழந்தைக்கு வசம்பு உரசி நாக்கில் வைக்க நான் விடவில்லை. அதற்கு நீ இரண்டு நாள் பேசவில்லை. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

மெட்ஃபார்மினைப் பற்றி ஒன்று படித்தேன், உனக்குச் சொல்லியாக வேண்டும். இங்கிலீஷ் மாத்திரை, இங்கிலீஷ் மாத்திரை என்பாயே. ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி. ஊதாப் பூ பூக்கும், நம் அவரைக் குடும்பம்தான். அங்கே பழைய காலத்தில் கை வைத்தியத்துக்குப் பறித்துக்கொண்டிருந்த செடி. அதில் சர்க்கரையைக் குறைக்கிற பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், ஆனால் அப்படியே கொடுத்தால் நஞ்சு. அந்தச் செடியை மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன. அதே வகையில் சாதுவான ஒன்றை 1922இல் டப்ளினில் செய்தார்கள். அதை எடுத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியவர் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்கிற டாக்டர், 1957இல். அங்கேயும் உன்னை மாதிரி ஒருத்தி, அந்த ஊதாப் பூச்செடியைப் பறித்துக் காயவைத்துக்கொண்டு இருந்திருப்பாள். மூட்டையை மணிக்கட்டில் வைத்துப் பார்க்கிற வேலையை அவர்கள் முப்பத்தைந்து வருஷம் கழித்துத்தான் முடித்தார்கள், அவ்வளவுதான். இதைப் படித்த அன்று ராத்திரிதான் முதல் மாத்திரையைப் போட்டேன். வயிறு இரண்டு நாள் கடமுடா என்றது. இப்போது பரவாயில்லை. வெந்தயத் தண்ணீரையும் விடவில்லை, டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் குடிக்கிறேன்.

அம்மாவுக்கு, எனக்கு. அடுத்து நீ. உனக்கு ஐம்பத்திரண்டு. ஒரு தடவைகூட ரத்தம் பார்த்ததில்லை. எனக்கென்ன, எறும்பு மொய்க்கிறதா என்று கேட்பாய். வயலுக்கும் தொழுவத்துக்கும் வெறுங்காலோடு போகிறவள் நீ. குதிகால் வெடிப்பில் மண் ஏறினால் வேப்பெண்ணெயும் மெழுகும் காய்ச்சித் தடவுவாய், அதைத் தடவிக்கொள், நான் ஒன்றும் சொல்லவில்லை. தடவுவதற்கு முன்னால் வெடிப்பைக் குண்டூசித் தலையால் லேசாகத் தொட்டுப் பார். தெரிகிறதா என்று மட்டும் பார்.

செவ்வாய் காலை வண்டியில் இறங்குகிறேன். சமையலுக்கு உதவ முடியாவிட்டாலும் பாத்திரம் தேய்ப்பேன். வராந்தாவில் நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் அன்று பந்தியில் இருப்பார்கள். இதைப் படிக்காதவர்களுக்கு என் வாயாலேயே சொல்கிறேன். நீ குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். அது உனக்குக் கஷ்டமான காரியம் இல்லையே.

உனக்கு எம்.சி.ஆர். செருப்பு வாங்க வேண்டும், சர்க்கரைக்காரர்கள் போடுகிற ரப்பர் செருப்பு, மெத்தென்று இருக்கும். அளவு ஏழா எட்டா என்று தெரியவில்லை. உன் கூடப் பிறந்து நாற்பத்தாறு வருஷம் ஆகிறது, கால் அளவு தெரியவில்லை. வேறு எதற்கும் பதில் எழுதவேண்டாம். ஏழா, எட்டா, அதை மட்டும் அனுப்பு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள் சொன்னால் கடை மூடுவதற்குள் போய் வாங்கிவிடுவேன்.