நியூயார்க்கை அந்தப் பட்டியலில் போடாதே

செம்பூர், மும்பை

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே அப்பாவும் நானும் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நலமாக இருக்கத் திருச்செம்பூர் முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. கோ-பைலட்டாக இருக்கும் உனக்கு, விமானத்தின் கேப்டன் சீட் உன் சீனியாரிட்டி நம்பருக்கு எட்டிவிட்டது, ஆனால் வீடு இருக்கும் டல்லாஸில் இல்லை, நியூயார்க் பேஸில்தான், அதாவது டியூட்டி தொடங்கும் ஊராக நியூயார்க்கை ஏற்றால்தான் எட்டுகிறது, பிட் என்கிற விருப்பப் பட்டியலை மூடப் பத்து நாள்தான் இருக்கிறது, என்ன செய்யட்டும் அம்மா என்று கேட்டாய். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். குட்டிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே நீ ‘ம்’ கொட்டுவாய், பாதி காதில் விழாது. அதனால் எழுதுகிறேன். முடிவு உன்னுடையது, உன் வீட்டுக்காரருடையது. என் எண்ணத்தை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த முறை நியூயார்க் வேண்டாம். டல்லாஸில் கேப்டன் சீட் உனக்கு எட்டும்வரை இப்போதிருக்கும் சீட்டிலேயே இரு.

ஒன்றும் தெரியாமல் அம்மா பயந்துபோய்ச் சொல்கிறாள் என்று நினைக்காதே. விமானம் எனக்குத் தெரியாது. சீனியாரிட்டி தெரியும். வி.டி. ரயில்வே ஆபீஸில் பெர்சனல் பிராஞ்சில் உட்கார்ந்து, ரயில் ஓட்டும் ரன்னிங் ஸ்டாஃபுக்கு சீனியாரிட்டி லிஸ்ட் போட்டவள் நான். ப்ரொவிஷனல் லிஸ்டை லாபியில் ஒட்டிய அன்று டிரைவர்கள் வந்து, தன் பெயர் கிடைக்கும்வரை ஒவ்வொரு வரியாக விரலை வைத்து இறக்கிக்கொண்டே வருவார்கள். பெயர் கிடைத்ததும் விரல் அங்கேயே நின்றுவிடாது. மேலே இருக்கும் பெயரையும் கீழே இருக்கும் பெயரையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகரும். நீ அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டை ஐபேடில் பெரிதாக்கி நானும் அப்படித்தான் பார்த்தேன். நம்பர், சேர்ந்த தேதி, ரிட்டயர் ஆக 65 வயது முடியும் தேதி, பேஸ், விமானம், சீட். அச்சு அசல் எங்கள் லிஸ்ட்தான்.

எனக்குப் புரிந்தது சரியா என்று பார். கம்பெனியில் சேர்ந்த தேதிதான் உன் நம்பர். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் யார் முன்னே என்பதைப் பல கம்பெனிகளில் பிறந்த தேதியை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள், வயதில் மூத்தவர் முன்னால். எங்கள் ரயில்வேயில் ட்ரெய்னிங் முடிவில் எழுதும் பரீட்சை மார்க் முதலில், மார்க் சமமானால்தான் பிறந்த தேதி. அதன் பிறகு உன் திறமையோ மேலதிகாரியின் அன்போ அந்த நம்பரை ஒரு படி ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. மேலே இருப்பவர் ரிட்டயர் ஆனாலோ வேலையை விட்டுப் போனாலோதான் ஏறும். எந்த ஊர், எந்த விமானம், கோ-பைலட்டின் வலது சீட்டா கேப்டனின் இடது சீட்டா என்பதற்கு எல்லோரும் பிட் போடுகிறார்கள், கம்ப்யூட்டர் ஒன்றாம் நம்பரிலிருந்து தொடங்கிக் கொடுத்துக்கொண்டே வருகிறது. மாதாமாதம் எந்த ட்ரிப், எந்த நாள் லீவ் என்பதும் இதே வரிசையில்தான், ஆனால் அங்கே உன் பேஸில் உன் சீட்டில் இருப்பவர்களுக்குள் மட்டும்.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. மாட்டுங்கா பெரியப்பாவுக்கு அது புரியவில்லை. “கேப்டன் ஆக்குகிறேன் என்கிறான், இவள் யோசிக்கிறாளாமே, ப்ரமோஷனை விட்டால் பின்னாடி வருகிறவன் மேலே போய் உட்கார்ந்துகொள்வான்” என்று உன் அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசினார். அவர் மேல் தப்பில்லை. சர்க்கார் உத்தியோகம் பார்த்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். எங்களிடம் சட்டமே அதுதான். ப்ரமோஷனை மறுத்தால் ஒரு வருஷம் பெயரை எடுக்க மாட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் ப்ரமோஷன் வாங்கிய ஜூனியர் அந்த கிரேடில் நிரந்தரமாக மேலே போய்விடுவார்.

கல்யாணில் கூட்ஸ் டிரைவராக இருந்த ஒருவர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அன்வில்லிங்னெஸ் லெட்டர் எழுதியது இன்றும் நினைவிருக்கிறது. ப்ரமோஷன் இகத்புரிக்கு. வீட்டில் அம்மா படுத்த படுக்கை. மராத்தியில் எழுதலாமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். நாலு வரி எழுதி, கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை மூடினார், திரும்பத் திறந்தார், போட்டார். அடுத்த வருஷம் அவருக்கு ப்ரமோஷன் வந்தபோது லிஸ்டில் அவருக்குக் கீழே இருந்தவர்களை மேலே டைப் அடித்தவள் நான்தான். ரிட்டயர் ஆகும்வரை அவர் அவர்களுக்குக் கீழேதான்.

உனக்கு அந்த விலை கிடையாது, கண்ணம்மா. கேப்டன் பிட் போடாமல் இருந்தால் உன் நம்பரில் ஒரு இலக்கம்கூடக் குறையாது. உனக்குக் கீழே இருக்கும் பையன் நியூயார்க்கில் கேப்டன் ஆகட்டும். நாளைக்கு டல்லாஸில் ஒரு கேப்டன் இடம் காலியானால், இருவரும் பிட் போட்டால், அது உனக்குத்தான். அவன் அதற்குள் மூன்று வருஷம் கேப்டனாக இருந்தவனானாலும் உனக்குத்தான். நீ இப்போது நியூயார்க் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, டல்லாஸில் கேப்டன் சீட் உன் நம்பருக்கு எட்டும் நாள் ஒன்றுதான். “போய்விட்டு டல்லாஸ் திறந்ததும் திரும்பி வந்துவிடுகிறேன்” என்றாயே, போகாவிட்டாலும் அதே நாள்தான் அதே சீட்டில் உட்காரப் போகிறாய். இடைப்பட்ட காலத்தை எங்கே கழிப்பது என்பது மட்டும்தான் கேள்வி.

அந்தக் காலம் எப்படி இருக்கும் என்று பார். இன்றைக்கு டல்லாஸ் ஃபர்ஸ்ட் ஆபீசர்களில், அதாவது கோ-பைலட்டுகளில், நீ பாதிக்கு மேலே இருக்கிறாய். விடிகாலை ரிப்போர்ட் வேண்டாம், சனி ஞாயிறு வீட்டில், மூன்று நாள் ட்ரிப் போதும் என்று கேட்கிறாய், பெரும்பாலும் கிடைக்கிறது. குட்டியின் பள்ளி விழாவுக்கு நீ போனாய், போட்டோ அனுப்பினாய். நியூயார்க் கேப்டன் லிஸ்டில் நீ கடைசி வரி. கடைசி வரிக்கு லைன் என்கிற நிச்சயமான மாத அட்டவணை கிடைக்காது, கூப்பிட்டால் போகக் காத்திருக்கும் ரிசர்வ்தான். தீபாவளியும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. ஷார்ட் கால் என்றால் போன் வந்த இரண்டு மணி நேரத்தில் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். எங்கள் டிரைவர்களுக்கும் கால் பாய் வீட்டு வாசலுக்கே வந்து நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். ஆனால் அவர்கள் சொந்த வீட்டில் படுத்திருந்தார்கள். நீயோ டல்லாஸிலிருந்து மூன்றரை மணி நேரம் பறந்து போய், நியூயார்க்கின் க்யூ கார்டன்ஸில் நாலு பேரோடு பங்கு போட்ட அறையில், அடுக்குக் கட்டிலில் படுத்து, அந்த போனுக்காகக் காத்திருக்க வேண்டும். போன் வராத நாளிலும் அங்கேதான் இருக்க வேண்டும். போக வர ஆகும் நேரம் டியூட்டியில் சேராது, சம்பளமும் இல்லை. சீட் காலியாக இருந்தால் ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் அடுத்த விமானம்.

இதில்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. 2009 பிப்ரவரி 12-இல் பஃபலோ பக்கத்தில் விழுந்த விமானத்தைப் பற்றி நீ ட்ரெய்னிங்கில் படித்திருப்பாய். 50 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு, 1500 மணி நேரம் பறந்திருந்தால்தான் கம்பெனி விமானத்தில் பைலட் ஆகலாம் என்ற சட்டம் வந்தது. அந்த மணி நேரத்தைச் சேர்க்கத்தானே அரிசோனா வெயிலில் குட்டி விமானத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு கிடந்தாய். அந்த விமானத்தின் பைலட் இருவருமே பேஸுக்குப் பக்கத்தில் வீடு இல்லாதவர்கள். கோ-பைலட் பெண்ணுக்கு உன்னைவிடச் சின்ன வயது. முதல் நாள் ராத்திரி முழுக்க சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாக நெவார்க் வந்து சேர்ந்தவள். விபத்துக்குக் காரணம் விமானத்தைக் கையாண்ட விதம் என்றுதான் விசாரணையில் எழுதினார்கள், களைப்பும் பயணமும் கூடவே பேசப்பட்டன. டியூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு என்று உங்கள் சட்டம் சொல்கிறது. உன் ஓய்வு நேரம் காக்பிட்டின் கூடுதல் இருக்கையான ஜம்ப் சீட்டில் பயணம் செய்வதிலேயே போய்விட்டால் அந்தச் சட்டம் உனக்கு எதுவும் செய்ய முடியாது. களைத்திருக்கிறேன் என்று நீயே சொல்லி விலக வேண்டும், புதுக் கேப்டனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

உன் பக்கத்து நியாயத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. மணிக்குக் கொடுக்கும் சம்பளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, வீட்டுக் கடன் சீக்கிரம் தீரும். கேப்டனாகப் பறந்த மணி நேரம் லாக் புக்கில் ஏறும், நாளைக்குக் கம்பெனிக்கு ஏதாவது ஆனால் வேறிடத்தில் வேலை தேட அது உதவும். இது சின்ன விஷயமில்லை. நீங்கள் மூவரும் நியூயார்க்குக்கே வீடு மாறுகிறோம் என்றால் நான் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெல்லம் போட்டுப் பொங்கல் வைப்பேன். மாப்பிள்ளையின் வேலை டல்லாஸில், மாறுவதாக இல்லை என்று நீயே சொல்லிவிட்டாய். அப்படியானால் அந்த அதிகப் பணத்தில் ஒரு பங்கு அறை வாடகைக்கும் குட்டியைப் பார்த்துக்கொள்ள வைக்கும் ஆயாவுக்கும் போகும். உடனே பிடிக்கவில்லை என்று பழைய சீட்டுக்குத் திரும்பவும் விட மாட்டார்கள், சில காலம் அதே சீட்டில் இருந்தாக வேண்டும் என்ற சீட் லாக் இருக்கிறது.

டல்லாஸ் எப்போது எட்டும் என்பதை ஊகிக்க வேண்டாம், எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு ஜனவரியிலும் நான் முதலில் செய்த வேலை ரிட்டயர்மென்ட் லிஸ்ட்தான். எங்களில் பிறந்த மாதத்தின் கடைசி நாள்வரை வேலை உண்டு, உங்களில் 65 முடிந்த அன்றே இறங்கிவிட வேண்டும். டல்லாஸ் கேப்டன்களில் 2030-க்குள் 65 முடிகிறவர்கள் எத்தனை பேர், பெரிய விமானத்துக்கு மாறக்கூடிய நம்பர்கள் எத்தனை, உனக்கு மேலே இருந்துகொண்டு டல்லாஸுக்காகக் காத்திருக்கும் ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் எத்தனை என்று மூன்று பத்தி போடு. உனக்கு நேரமில்லை என்றால் லிஸ்டை அனுப்பு, நான் போட்டுத் தருகிறேன். பழகிய கை.

அந்தக் கணக்கும் தப்பலாம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். 1998-இல் எங்களுக்கு ரிட்டயர்மென்ட் வயதை 58-லிருந்து 60 ஆக்கினார்கள். மேலே இருந்தவர் சந்தோஷப்பட்டார், கீழே இருந்தவனின் ப்ரமோஷன் இரண்டு வருஷம் அப்படியே நின்றது. உங்களுக்கு 2007 டிசம்பரில் 60-லிருந்து 65 ஆனபோது அதேதான் நடந்தது, ஐந்து வருஷத்துக்கு. 67 ஆக்கும் பேச்சு வந்து 2024 விமானச் சட்டத்தில் சேராமல் போனது, திரும்ப வரலாம். வந்தாலும் உன் நம்பர் உன்னுடையது, தள்ளிப்போகும், பறிபோகாது.

நீயாகவே அதைப் பறிகொடுக்கும் வழி கம்பெனி மாறுவதுதான். இந்தியாவுக்கே வந்துவிடு, இங்கே சீக்கிரம் கேப்டன் ஆகலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. நீ மும்பையில் இருந்தால் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். சொந்த விருப்பத்தில் வேறு டிவிஷனுக்கு மாற்றல் கேட்டவருக்கு நாங்கள் பாட்டம் சீனியாரிட்டி என்று ஃபைலில் எழுதுவோம். எத்தனை வருஷ சர்வீஸ் இருந்தாலும் அங்கே நேற்றுச் சேர்ந்த பையனுக்குக் கீழே. அந்த ஆர்டரை வாங்கிக்கொண்டு படியிறங்கியவர்களின் முகம் எனக்குத் தெரியும்.

இனி பிட் போடும் முறை. ‘டல்லாஸ், 737 விமானம், கேப்டன்’ என்று ஒன்றை மட்டும் போடு. கிடைக்காவிட்டால் இருக்கிற இடத்தில் இருக்கிறாய், நஷ்டமில்லை. அதன் கீழே நியூயார்க்கை, எப்படியும் வராது, சும்மா இருக்கட்டும் என்று சேர்த்துவிடாதே. சும்மா போட்டதா வேண்டிப் போட்டதா என்று கம்ப்யூட்டர் கேட்காது. உனக்கு மேலே உள்ளவர்கள் வேண்டாமென்று விட்டால் உன் பெயரில் வந்து நிற்கும். முன்பே போட்டு வைத்த ஸ்டாண்டிங் பிட் ஏதாவது கிடக்கிறதா என்று இன்றே திறந்து பார். மூடும் நேரம் உங்கள் ஊர்க் கணக்கா, கம்பெனி தலைமை ஆபீஸ் ஊர்க் கணக்கா என்றும் பார்த்துக்கொள்.

போட்டு முடித்ததும் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி. குட்டிக்கு முத்தம். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா