தம்பிக்கு, உபுண்டுவை எடுக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மெசேஜ் பார்த்தேன். லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்த்துப் போட்டிருக்கிற உபுண்டு லினக்ஸை எடுத்துவிட்டு, வாங்கும்போது இருந்த மாதிரி விண்டோஸ் மட்டும் வர வேண்டும், அது இருக்கிற பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் அதற்கென்று பிரித்த துண்டை, டெலிட் பண்ணினால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. பார்ட்டிஷனை இப்போதைக்குத் தொடவே தொடாதே. இதைக் கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் கை வை. போனில் சொல்லலாம் என்றால் பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்பாய், அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது. அதுவும் இப்போதெல்லாம் நீ போனை எடுப்பதே அபூர்வமாக இருக்கிறது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மாடிக்கு ஆள் வந்தாயிற்று, அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்கள். 

எதற்காக எடுக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நீயே தேடினால் கொஞ்ச நேரத்தில் கிடைக்கிற விஷயம் இது. இருந்தும் என்னிடம் கேட்டாய். அதில் எனக்குச் சந்தோஷம்தான். அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் உன் ஃபைல்களுக்குக் காப்பி எடு. உபுண்டுவுக்குள் போய் உன் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வை. விண்டோஸுக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கத்து ஃபைலை நேரடியாக எடுக்க முடியாது. லினக்ஸ் பயன்படுத்துகிற எக்ஸ்ட்4 வகைப் பார்ட்டிஷன் அங்கே பெயரில்லாத ஒரு துண்டாகத்தான் தெரியும். புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் மறைந்திருக்கும், கன்ட்ரோல் எச் அழுத்தினால் வெளியே வரும். வேறு மெஷின்களுக்குள் நுழைகிற உன் எஸ்எஸ்எச் சாவியெல்லாம் அதற்குள்தான். அப்படியே இழுத்துப் போட்டால் யார் எதைத் திறக்கலாம் என்கிற பெர்மிஷன் எல்லாம் போய்விடும், ஒரே மூட்டையாக, டார் ஃபைலாகக் கட்டி எடு. ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது, அதையும் பார்த்துக்கொள். ஹார்ட் டிஸ்க் இல்லையென்றால் வாங்காதே. இங்கே ஒன்று சும்மா கிடக்கிறது, கூரியரில் போடுகிறேன். இந்த நேரத்தில் எதற்கு வீண் செலவு.

இந்த நேரத்தில் என்று ஏன் எழுதினேன் என்று கேட்பாய். அப்புறம் சொல்கிறேன்.

இரண்டாவது, பிட்லாக்கர். டிரைவுக்கு விண்டோஸ் போடுகிற பூட்டு அது. உன்னுடையது விண்டோஸ் 11. அதில் நீ ஒன்றும் செய்யாமலே டிரைவ் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. பூட், அதாவது மெஷின் எழுகிற முறை, சம்பந்தமாக எதையாவது மாற்றினால், யாரோ புது ஆள் மெஷினைத் திறக்கிறார் என்று நினைத்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பார். பார்த்து ஒரு தாளில் எழுது. அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைக்காதே. எழுதி முடித்த பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வை.

இப்போது ஏன் பார்ட்டிஷனைத் தொடாதே என்கிறேன் என்று சொல்கிறேன். ஆன் செய்ததும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கிற யூஇஎஃப்ஐ என்ற மென்பொருள். அது டிஸ்க்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சின்ன இடத்தைத் தேடிப் போகும். விண்டோஸ் தானாகப் பிரித்தால் 100 எம்பி இருக்கும், சில கம்பெனிகள் 260 எம்பி வைத்து அனுப்புகிறார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்று ஒரு ஃபோல்டர், உபுண்டு என்று ஒரு ஃபோல்டர், பூட் என்று ஒன்று, மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நீ உபுண்டு போட்ட அன்றைக்கு விண்டோஸின் பூட்லோடர், அதாவது அதை எழுப்புகிற விண்டோஸ் பூட் மேனேஜர், அழியவில்லை. உபுண்டு பந்திக்கு முந்தி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். விண்டோஸ் பூட் மேனேஜர் இன்னும் அதே இடத்தில் பத்திரமாக இருக்கிறது. வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

நீ பார்ட்டிஷனை முதலில் அழித்துவிட்டால் என்ன ஆகும்? இஎஃப்ஐக்குள் இருக்கிற க்ரப், அதாவது உபுண்டுவின் பூட்லோடர், ஓடும். ஆனால் அதன் மெனுவும் மற்றதும் உபுண்டு பார்ட்டிஷனில் இருந்ததால், தேடிக் கிடைக்காமல் கறுப்புத் திரையில் க்ரப் என்று எழுதிவிட்டு நின்றுவிடும். விண்டோஸ் உள்ளே நன்றாக இருந்தும் போக வழி தெரியாது. யூஇஎஃப்ஐக்கு முந்தைய பழைய எம்பிஆர் மெஷின்களில், பூட் கோட் டிஸ்க்கின் முதல் துண்டிலேயே இருப்பதால், இது இன்னும் மோசம். எங்கள் பள்ளிக்கூட லேபில் ஒரு பிளஸ் ஒன் பையன் இப்படித்தான் செய்துவிட்டு, திரையில் "க்ரப் ரெஸ்க்யூ" என்று வந்ததும் மெஷினே போய்விட்டது என்று வெலவெலத்துப் போனான். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் 446 பைட் பூட் கோட், 64 பைட் பார்ட்டிஷன் டேபிள், கடைசி 2 பைட் அடையாளம். விண்டோஸ் ரிப்பேர் டிஸ்க்கைப் போட்டு பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுத்தால் அந்த 446 மட்டும்தான் மாறும், டேபிளில் கை வைக்காது. மெஷின் எழுந்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உன்னுடையதில் இந்தக் கமாண்ட் தேவைப்படாது. யூஇஎஃப்ஐ மெஷினில் அதைக் கொடுத்து வீணாக மெனக்கெடாதே.

உனக்கு நினைவிருக்கும், அரசு கொடுத்த அந்த இலவச லேப்டாப். 2011-இல் திட்டம் தொடங்கியபோது நீ சின்னப் பையன், உனக்குக் கிடைக்க வேண்டிய வருஷம் வந்தபோது எத்தனை தடவை கேட்டாய் என்னிடம், எப்போம்மா தருவாங்க என்று. அதில் விண்டோஸும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. உன் வகுப்பில் எல்லோரும் லினக்ஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் படமும் கேமும் ஏற்றினார்கள். நீ ஒருத்தன்தான் அதைத் திறந்து, டெர்மினலில் என்னவோ தட்டி, ராத்திரி வந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். ஸ்டாஃப் ரூமில் நான் அதைச் சொல்லாத ஆள் இல்லை. ரிப்பேர் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் "சாயங்காலம் பையன் வருவான், காட்டுங்க" என்பேன். அந்தப் பையன் இப்போது லினக்ஸை எடுக்க வேண்டும் என்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ரீஸ்டார்ட் செய்து எஃப்2-வோ எஃப்12-வோ, உன் மெஷினில் எதுவோ அதை அழுத்தி, பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்று. சேவ் செய். மெஷின் க்ரப் மெனு காட்டாமல் நேராக விண்டோஸுக்குள் போக வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆஃப் செய்து ஆன் செய்து பார். போனால்தான் அடுத்தது. போகாவிட்டால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு.

அப்புறம் விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திற. அதில் உபுண்டுவின் துண்டையும், மெமரி போதாதபோது அது பயன்படுத்துகிற ஸ்வாப் துண்டைத் தனியாக வைத்திருந்தால் அதையும் மட்டும் அழி. அளவைப் பார்த்தால் உனக்கே தெரியும். இஎஃப்ஐ என்று எழுதியிருப்பதைத் தொடாதே, ரெக்கவரி என்று எழுதியிருப்பதையும் தொடாதே. காலியான இடத்தை சி டிரைவோடு சேர்க்கலாம், ஆனால் அது சி-க்கு வலது பக்கம் ஒட்டினாற்போல் இருந்தால்தான் எக்ஸ்டெண்ட் வேலை செய்யும். நடுவில் ரெக்கவரி உட்கார்ந்திருந்தால் அந்த ஆப்ஷன் மங்கலாக இருக்கும். அப்போது அடம் பிடிக்காமல் அதை டி டிரைவாக வைத்துக்கொள்.

கடைசியில் இஎஃப்ஐக்குள் மிச்சமிருக்கிற உபுண்டு ஃபோல்டர். அட்மினாக கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, டிஸ்க்பார்ட் கமாண்டில் அந்தச் சின்ன ஃபேட்32 வால்யூமைத் தேர்ந்தெடுத்து ஓர் எழுத்துக் கொடு, எஸ் என்று வை. அதற்குள் போய் உபுண்டு என்பதை மட்டும் நீக்கு. மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் இருக்கட்டும், பூட் ஃபோல்டரும் இருக்கட்டும். முடிந்ததும் கொடுத்த எழுத்தைத் திரும்ப எடுத்துவிடு. பூட் லிஸ்டில் உபுண்டு என்ற பெயர் இன்னும் தெரிந்தால் பிசிடிஎடிட் கமாண்டில் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரின் பட்டியலைக் கேட்டு அந்த ஒரு வரியை நீக்கலாம். சில மெஷின்கள் தாமாகவே துடைத்துவிடும். தவறி ஏதாவது ஆகிப்போனால் பயப்படாதே. விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து பிசிடிபூட் கமாண்டுக்கு சி-யில் இருக்கிற விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டினால் பூட் ஃபைல்களைத் திரும்ப எழுதிக் கொடுக்கும். ரிப்பேர் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும், சி என்று நினைப்பது டி-யாக இருக்கலாம். பார்த்துத் தட்டு. அந்தப் பென்டிரைவை வேலையைத் தொடங்கும் முன்பே செய்து வைத்துக்கொள், 8 ஜிபி போதும்.

விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது என்று முன்பு திட்டிக்கொண்டிருந்தாயே, மெஷினின் கடிகாரத்தை லினக்ஸ் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைக்க, விண்டோஸ் அதை நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொண்டதால் வந்தது அது. இனி வராது.

விற்பதற்காக எடுக்கிறாய் என்றால் இதில் பாதி வேலையே தேவையில்லை. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. பார்ட்டிஷனை அழித்தால் உள்ளே இருப்பது முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது, தெரிந்தவன் மீட்டு எடுக்கக்கூடும். வேறு ஒருத்தர் கைக்குப் போகிற மெஷின் என்றால் விண்டோஸின் ரீசெட்டில் டிரைவை முழுதாகத் துடைக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும், கணக்கிலிருந்து அந்த மெஷினை நீக்க வேண்டும். ஆனால் முதல் சம்பளத்தில் வாங்கியதை எதற்கு விற்க வேண்டும்?

உங்கள் பக்கத்தில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று செல்வி அக்கா மகன் சொன்னான். உன்னைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் பொங்கலுக்கு நீ வரவில்லை. ரிலீஸ் இருக்கிறது என்றாய். ரிலீஸ் என்றால் என்ன என்று அப்பா கேட்டார், சாஃப்ட்வேரை வெளியிடுவது என்று சொன்னேன். அதற்கப்புறம் நீ பேசிய எந்தப் போனிலும் ஆபீஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன்பெல்லாம் உன் டீம் லீடர் என்ன சாப்பிட்டார் என்பது வரை எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் மறைக்கிற வயசு உனக்கு வந்துவிட்டது, அது சரிதான். ஆனால் நல்ல மெஷினை அவசரத்துக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி இன்டர்வியூவுக்கு எதில் உட்கார்ந்து படிப்பாய்? உன் பெயரில் போட்ட போஸ்ட் ஆபீஸ் ஆர்டி முடிந்துவிட்டது. பணம் என் கணக்கில்தான் இருக்கிறது, பச்சை டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அது உன் பணம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, நீ சொல்லும்வரை என் வாயிலிருந்து வராது.

நான் நினைப்பதெல்லாம் தப்பாக இருக்கலாம். இடம் பற்றாமல்தான் எடுக்கிறாய் என்றால் இன்னும் நல்லது, காப்பி எடுத்துவிட்டு எடு. இன்னொன்று, நம் வீட்டுப் பழைய மெஷினில் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் சப்போர்ட் முடிந்துவிட்டதால் நான் அதில் உபுண்டு போட்டேன். பக்கத்தில் யாரும் இல்லாமல் நானே செய்தேன். நன்றாக ஓடுகிறது, பிரின்டர் மட்டும் தகராறு செய்கிறது. நீ வரும்போது அதைப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் சாப்பிட்டுவிட்டு, சார்ஜரைச் சொருகிக்கொண்டு உட்கார். நடு ராத்திரியில் தொடங்காதே. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்ததும், எதையும் அழிப்பதற்கு முன்னால் அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. எது சி, எது இஎஃப்ஐ, எது உபுண்டு என்று நானும் பார்த்துச் சொல்கிறேன். எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. போட்டோ வரவில்லை என்றால் ராத்திரி பஸ்ஸில் நானே கிளம்பி வந்துவிடுவேன்.

அம்மா