குதிரை வண்டியில் போன புத்தகங்கள்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலைக்கும் பேரன் பள்ளிக்கும் கிளம்பிவிட்டால் பகல் முழுக்க எனக்குத்தான். அதனால் ரயிலேறி பிலடெல்பியா நகருக்குள் போய்விடுகிறேன்.

மார்க்கெட் தெருவில், பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சுக்காரராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் வீடு இருந்த வளாகத்தில் அந்தக் காலத்து மர அச்சுப்பொறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். தோல் சுற்றிய இரண்டு உருண்டைகளில் மையைத் தடவி, கோத்து வைத்த எழுத்தின் மேல் தட்டித் தட்டி ஒற்றுகிறார் ஒருவர். தாளை வைத்து மூடி உள்ளே தள்ளியதும் இன்னொருவர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கைப்பிடியை இழுக்கிறார். உடம்பு முழுக்க அந்த இழுப்பில் இருக்கிறது. கை பழகிய இரண்டு பேர் சேர்ந்தால் மணிக்கு 250 தாள் வரை, அதுவும் ஒரு பக்கம் மட்டும். அச்சான தாளை மடித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். எழுத்து தாளில் பதிந்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டது. நாம் அச்சுக்கோக்கும் காலத்தில் தொழிலுக்கு வந்தவர்கள், உனக்குப் புரியும்.

அப்புறம் இந்த ஊர்ப் பதிப்பாளர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அவர்களில் மேத்யூ கேரி என்பவரை என்னால் விட முடியவில்லை. டப்ளினில் 1760இல் பிறந்தவர், கத்தோலிக்கர், கால் ஊனம். பத்திரிகையில் ஆங்கில அரசை எதிர்த்து எழுதியதற்காகச் சிறைக்குப் போனார். மறுபடி பிடித்துவிடுவார்கள் என்ற நிலையில், 1784இல் பெண் வேடம் போட்டுக் கப்பலேறி பிலடெல்பியா வந்து சேர்ந்தார். கையில் பெரிதாகக் காசு இல்லை. பிரான்சில் அறிமுகமாகியிருந்த லஃபாயெட் பிரபு, பத்திரிகை தொடங்கட்டும் என்று 400 டாலர் கொடுத்து உதவினார். காலமான ராபர்ட் பெல் என்ற அச்சகக்காரரின் பழைய அச்சுப்பொறி ஏலத்துக்கு வந்தபோது, போட்டிப் பத்திரிகைக்காரர் ஆஸ்வால்ட் வேண்டுமென்றே விலையை ஏற்றிவிட்டார். அந்தப் பகை வளர்ந்து, 1786இல் இருவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். கேரிக்குத் தொடையில் குண்டு பாய்ந்து, எழுந்து நடக்கவே மாதக்கணக்கானது. அதற்கு மேலும் அந்தத் தொழிலை விடவில்லை. நாட்டின் பெரிய பதிப்பாளர்களில் ஒருவரானார். 1824இல் லஃபாயெட் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்தபோது கேரி அந்த 400 டாலரையும் அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் உனக்கு எழுத நினைத்தது முக்கியமாக இன்னொருவரைப் பற்றி. மேசன் லாக் வீம்ஸ். பாதிரியார், பெரிய குடும்பஸ்தர், கேரியின் ஊர்சுற்றி விற்பனையாளர். 1790களில் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு பென்சில்வேனியா முதல் ஜார்ஜியா வரை அலைந்தார். அன்றைக்குத் தெற்கே புத்தகக்கடை என்பது அபூர்வம். சாலையும் மோசம். நீதிமன்றம் கூடும் நாட்களில் சுற்று வட்டாரத்து விவசாயிகள் எல்லாம் ஊருக்கு வருவார்கள், அங்கே போய்க் கடை விரிப்பார். நீ புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு திருவிழா திருவிழாவாகப் போனாயே, அதே வேலை.

இவருக்கும் கேரிக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து நிறைய மிஞ்சியிருக்கிறது. படித்தால் நம் ஆபீஸ் சண்டை மாதிரியே இருக்கும். கேட்ட புத்தகத்தை அனுப்பாமல், கடையில் தேங்கிய கனமான சமய நூல்களை அனுப்புகிறீர்கள் என்று வீம்ஸ் புலம்புகிறார். விலை குறைவாக, அட்டை பளிச்சென்று, நல்ல விஷயத்தையே இனிப்பாகச் சொல்லும் புத்தகம் வேண்டும் என்கிறார். அனுப்பிய சரக்குக்குக் கணக்கும் வசூலும் எங்கே என்று கேரி திருப்பிக் கேட்கிறார். இதில் என் மனம் வீம்ஸ் பக்கம்தான். பிலடெல்பியாவில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாத வாசகனை அவர் தினமும் நேரில் பார்த்தார்.

அவர் கணக்கு சரி என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. 1799 டிசம்பரில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் இறந்தார். அடுத்த மாதமே, லட்சக்கணக்கானோர் அவரைப் பற்றிப் படிக்க வாய்பிளந்து காத்திருக்கிறார்கள், கால் டாலருக்கு ஒரு சிறு புத்தகம் போடலாம் என்று கேரிக்கு எழுதினார். 1800இல் அந்தச் சிறு நூல் வந்தது, பதிப்பு மேல் பதிப்பாகப் போனது. சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்ட கதை இருக்கிறதே, அது 1806இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் நுழைந்தது. அப்படி நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. முழு உரிமையையும் 1,000 டாலருக்குக் கேரியிடம் விற்றுவிட்டுப் பின்னால் வருந்தினார்.

அதே வாஷிங்டனைப் பற்றி, தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஐந்து தொகுதிகள் எழுதினார். இன்னொரு பதிப்பாளரின் முன்வெளியீட்டுத் திட்டம் அது, தொகுதிக்கு 3 டாலர். முன்பதிவு சேர்க்க ஊர் ஊராகத் தபால் அதிகாரிகளையே பிடித்தார்கள், வீம்ஸும் அலைந்தார். 1804இல் முதல் தொகுதி வந்தால், அது குடியேற்ற நாடுகளின் வரலாறு, வாஷிங்டன் வருவதே அரிது! பணம் கட்டியவர்களுக்கு வீம்ஸ் என்ன பதில் சொல்லியிருப்பார்?

எழுத்தாளர்கள் பாடு தனி. 1790இல் வந்த காப்புரிமைச் சட்டம் 14 ஆண்டு உரிமை கொடுத்தது, ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. ஆனால் அது குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டும். ஆங்கிலேயரின் புத்தகங்களை யார் வேண்டுமானாலும் மறுபதிப்புப் போடலாம், ஒரு காசு தர வேண்டியதில்லை. இதனால் புத்தகம் மலிவானது, அச்சகங்கள் பிழைத்தன. அடி வாங்கியது சுசான்னா ரோசன் போன்றவர்கள். அவருடைய 'சார்லட் டெம்பிள்' நாவல் 1791இல் லண்டனில் வந்தது. பிறகு அவர் அமெரிக்காவிலேயே வந்து வாழ்ந்தும், 1794இல் கேரி போட்ட பதிப்புக்கு உரிமை கோர வழியில்லை. அது 50,000 பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கும் என்று 1812இல் கேரியே அவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைப் பிரித்தபோது ரோசனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. கேரியை எவ்வளவு மதித்தாலும் இந்த இடத்தில் அவருக்காகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கையில் ரொக்கம் இல்லாத பதிப்பாளர்கள் அச்சடித்த தாள்களையே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு கடைக்குச் சரக்குச் சேர்த்தார்கள். அதற்காகவே கேரி முன்னின்று 1802இல் நியூயார்க்கில் ஒரு புத்தகச் சந்தை கூட்டினார். சில ஆண்டுகளில் அது நின்றுவிட்டது.

வீம்ஸ் 1825இல் தென் கரோலினாவின் பியூஃபர்ட்டில், குடும்பத்தை விட்டு வெகு தொலைவில் இறந்தார். அவருடைய கடிதங்களைத் தொகுத்து அச்சில் போட்டிருக்கிறார்கள். பிரதி கிடைத்தால் உனக்காக வாங்கி வருகிறேன். உன்னிடம் இன்னும் அந்தப் பழைய ஆர்டர் புத்தகங்கள் இருக்கின்றன அல்லவா? தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதே. எந்த ஊரில் எது விற்றது என்று அதில் உன் கைப்பட இருக்கிறது, நான் வந்ததும் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராமு