சமத்தில் விழாத அடி

லண்டன்
25.06.2025

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இங்கு நலம். அங்கு நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் நாங்கள் இருவரும் ரொறன்ரோவின் குளிரையும் பேத்தியின் இருமலையும் தாண்டி எதையும் கதைப்பதில்லை என்பதால், இதை எழுதியே அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, பிரிக்ஸ்டனில் உள்ள ஒரு தேவாலய மண்டபத்தில் மூன்றரை மணி நேரம் இருந்து ஜமைக்காவில் பிறந்த ரெகே இசை கேட்டேன். இதை வாசித்ததும் நீ சிரிப்பாய் என்பது எனக்குத் தெரியும். சிரித்துவிட்டு மிச்சத்தையும் வாசி.

என்னை அழைத்துப் போனவர் டிப்போவில் என்னோடு 21 வருடம் பஸ் ஓட்டியவர். சிறுவயதில் நீ ‘பஸ் மாமா’ என்று கூப்பிட்ட ஜமைக்காக்காரர். அவருக்கு இப்போது 73 வயது. யூன் 22ஆம் திகதி இங்குள்ள கரீபியன் மக்களுக்குப் பெரிய நாள். 1948இல் அன்றுதான் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்ற கப்பலில் வந்தவர்கள் தில்பரி துறைமுகத்தில் தரையிறங்கினார்கள். பயணிகள் பட்டியலில் இருந்த 1,027 பேரில் 802 பேர் தங்கள் கடைசி வதிவிடமாகக் கரீபியன் நாடுகளையே கொடுத்திருந்தார்கள். தங்க இடமில்லாத இருநூற்றுச் சொச்சம் பேரை, போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து கிளபம் சவுத்தில் தோண்டிய ஆழமான நிலவறைக் காப்பிடத்தில் படுக்கவைத்தார்கள். அங்கிருந்து கிட்டிய வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனின் கோல்ட்ஹார்பர் லேனில் இருந்தது. வேலை தேடி அங்கு போனவர்கள் பலர் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அறை எடுத்துத் தங்க, பிரிக்ஸ்டன் மெல்ல மெல்ல அவர்களுடைய ஊரானது. அந்த வீதியில் நான் எத்தனை ஆயிரம் தடவை பஸ்ஸைத் திருப்பியிருப்பேன்! இந்தக் கதையை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

கப்பலில் வந்தவர்கள்தான் ரெகேயையும் கொண்டுவந்தார்கள் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அது பிழை. அதே கப்பலில் வந்த, லோர்ட் கிச்சனர் என்ற பெயரில் பாடிய திரினிடாட் கலைஞர், தரையிறங்கும்போது செய்திப்படக் கமராவின் முன் பாடிக் காட்டியது கலிப்சோ என்ற திரினிடாட் பாட்டு வகை. ஜமைக்காவில் இருந்து வந்தவர்களிடம் இருந்தவை மென்டோ என்ற நாட்டுப்பாடலும் தேவாலயக் கீதங்களும். ரெகே என்ற சொல் இசைத்தட்டில் ஏறியதே 1968 அளவில்தான். அதற்குள் அவர்களுடைய பிள்ளைகள் இங்கே தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். பஸ் மாமாவின் தகப்பனார் 1955இல் வந்து பஸ் நடத்துநராகச் சேர்ந்தவர். 1962ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் கதவைச் சாத்துவதற்கு ஒரு வருடம் முந்தி, மனைவியையும் ஒன்பது வயது மகனையும் அழைத்துக்கொண்டவர். தேவாலயத்தில் மூப்பர். மகன் முதற் சம்பளத்தில் ஒரு ரெகே இசைத்தட்டு வாங்கிவந்த அன்று, அந்தச் சத்தம் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லி, தட்டை வாசற்படியிலேயே வைக்கச் செய்தாராம். அன்று மழை என்றும், தட்டின் உறை ஊறிப்போனது என்றும், அந்த உறை இன்னும் தன்னிடம் இருக்கிறது என்றும் அவர் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, தம்பி. சத்தம் என்ற அதே சொல்லைத்தான் நானும் சொன்னேன். ஒன்பது வருடம் மிருதங்கம் படித்த பிள்ளை, அரங்கேற்றத்துக்கு மண்டபம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் கனத்த அடித்தொனி எழுப்பும் பழைய பேஸ் கிற்றார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். அன்று நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். அதை இங்கே திருப்பி எழுத எனக்கு விருப்பமில்லை.

மண்டபத்தைப் பற்றிச் சொல்கிறேன். மேடையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஒட்டுப்பலகைப் பெட்டிகள். பஸ் மாமாவின் தமையனார் 1974இல் தன் கையால் அறுத்து, ஆணி அடித்து, ஒலிபெருக்கி பொருத்தியவை. மூலைகளில் பூச்சு உரிந்திருந்தது. அந்தக் காலத்தில் நடன விடுதிகள் பலவற்றில் கறுப்பின இளைஞர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியதால், இவர்கள் வீடுகளின் நிலவறைகளில் சனிக்கிழமை இரவுகளில் கட்டில் அலுமாரிகளைக் கொல்லையில் தூக்கி வைத்துவிட்டு, இந்தப் பெட்டிகளை இறக்கி, வாசலில் சில்லறை வாங்கிக்கொண்டு விடியும்வரை ஆடினார்கள். ‘புளூஸ்’ என்று அந்தக் கொண்டாட்டத்துக்குப் பெயர். அதில் ஒலிக்கும் பெட்டிகளுக்கும் அவற்றை இயக்கும் கூட்டத்துக்கும் சேர்த்து ‘சவுண்ட் சிஸ்டம்’ என்று பெயர். பெட்டிகளுக்குக் காசு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். “பார்ட்னர்” என்றார். ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு தொகை போட, முறை வைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுப்பது. எங்களுடைய சீட்டேதான்! வங்கி கடன் கொடுக்காத இடத்தில் அவர்கள் பார்ட்னர் எடுத்துப் பெட்டி வாங்கினார்கள், வீட்டுக்கு முற்பணம் கட்டினார்கள். இந்த வீட்டுக்கு நாங்கள் முற்பணம் கட்டியதும் சீட்டுக் காசில்தான் என்று நான் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முதற் பாட்டு தொடங்கியதும் என் கை தானாகவே தொடையில் ஆதிதாளம் போடத் தொடங்கியது. உன்னை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், சுவரோரம் இருந்து ஒன்பது வருடம் கேட்ட பழக்கம் அது. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், என் கை விழுந்தபோது மேடையில் ஒன்றுமே விழவில்லை. நான் தவறவிட்டேன் என்று நினைத்து மறுபடி பிடித்தேன். மறுபடியும் அதே இடத்தில் வெறுமை. தாளம் நான்காவது ஆவர்த்தனம் சுற்றி வந்தபோதுதான் விளங்கியது. நான்கு எண்ணிக்கையில் முதலாவதை வேண்டுமென்றே விட்டுவிட்டு, மூன்றாவதில் பெரிய முரசையும் சிறிய முரசையும் சேர்த்து அடிக்கிறார்கள். இரண்டிலும் நான்கிலும் கிற்றார் ஒரு சிறு வெட்டு வெட்டி உடனே அடங்குகிறது. ‘ஒன் ட்ரொப்’ என்று அதற்குப் பெயராம். உனக்கு இது தெரியாதது அல்ல. நீ மேசையில் விரலால் தட்டியே எனக்கு ஒருமுறை காட்ட முயன்றாய், நான் சாப்பிடும் மேசையில் தட்டாதே என்றேன்.

எங்கள் கீர்த்தனைகளிலும் பாட்டின் தொடக்கமான எடுப்பைச் சமத்துக்கு அரை இடம் தள்ளி வைப்பதுண்டு. என்றாலும், தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனியாவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் எங்கெல்லாம் போய்ச் சுற்றினாலும் கடைசியில் கோர்வை என்ற முடிப்புச் சொற்கட்டு வந்து குறித்த இடத்தில் விழ வேண்டும். விழுந்தவுடன் சபை தலையாட்டும். இங்கே அந்த இடத்தை ஒருவரும் தொடவில்லை, ஆனால் மண்டபத்தில் இருந்த இருநூறு பேருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. அந்த இடத்தில்தான் எல்லோருடைய முழங்காலும் மடங்கியது. பக்கத்தில், தேவாலயத்துக்குப் போடும் நாவல்நிறத் தொப்பியோடு, நடை வண்டியைப் பிடித்தபடி நின்ற ஓர் அம்மையார் என் கையைக் கவனித்துவிட்டு, எண்ணுவதை நிறுத்தச் சொன்னார். “காது வேண்டாம், முழங்காலைத் தளர்த்துங்கள்” என்றார். தளர்த்தினேன். என் இடது முழங்காலின் நிலைமை உனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு பாட்டு ஆடினேன் என்று அம்மா சொன்னால் நம்பு.

பேஸ் வாசித்தது பஸ் மாமாவின் பேத்தி. 17 வயது, மெலிந்த உடம்பு, தோள்வாரை மிகக் கீழே இறக்கிக் கட்டியிருந்தாள். ரெகேயில் ராகம் பேஸில்தான் இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மற்றக் கருவிகள் எல்லாம் ஓரத்தில் நின்று அதற்கு வழி விடுகின்றன. அவள் கீழ்க்கம்பியைத் தொட்டபோது என் காகிதக் கோப்பையில் இருந்த பானம் வட்டம் வட்டமாக நடுங்கியது, நெஞ்செலும்புக்குள் யாரோ தவில் வைத்தாற்போல் இருந்தது. பானம் என்றது எங்களுடைய புளிச்சைக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லிகளை இஞ்சியோடு கொதிக்கவைத்து இறக்குவது. ‘சொரல்’ என்கிறார்கள், நல்ல புளிப்பு. சாப்பாடு தேங்காய்ப்பாலில் அவரைவிதை போட்டு வேகவைத்த சோறும் ஆட்டுக்கறியும். கறி சமைக்கும் வழக்கம் ஜமைக்காவுக்குப் போனது 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியக் கூலிகளோடு என்று பரிமாறிய பெண்மணி சொன்னார். அம்மாவுக்கு ஒரு பொதி கொண்டுவந்தேன். உறைப்புக் காணாது என்று சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிட்டார்.

பேச்சு என்று ஒன்றே ஒன்றுதான், அதுவும் நான்கு நிமிடம். பிரதம விருந்தினர் இல்லை, பொன்னாடை இல்லை. எங்கள் விழாக்களில் மங்கள விளக்கேற்றி முடியுமுன்பே பிள்ளைகள் கைத்தொலைபேசியை எடுத்துவிடுவதை நினைத்துக்கொண்டேன். 1969இல் ஜமைக்காப் பாடகர் டெஸ்மண்ட் டெக்கரின் பாட்டு இந்த நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது போன்ற பெருமைகளை யாரும் எடுத்து ஓதவில்லை. வாத்தியக்காரர்கள் அதை வாசித்தார்கள், அவ்வளவுதான். பிறகு ‘லவர்ஸ் ரொக்’ என்று இங்கேயே, லண்டனிலேயே எழுபதுகளில் பிறந்த மென்மையான காதற்பாட்டுகள் சில வந்தன. ஜனெட் கே 1979இல் பாடிப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறிய பாட்டின் உச்சஸ்தாயி வந்தபோது, அறுபது வயதுப் பெண்கள் எல்லோரும் ஒருமிக்கக் கண்ணை மூடிக்கொண்டு அதை எட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். பாதிப்பேருக்கு எட்டவில்லை. எனக்கு அன்று மிகவும் பிடித்தது அதுதான்.

நடுவில் ஒருமுறை முரசும் பேஸும் நின்றன. 1981 தை 18ஆம் திகதி லண்டனின் நியூ குரொஸ் வீதியில் ஒரு வீட்டில் பிறந்தநாள் கொண்டாட்டத்தின்போது தீப்பிடித்து 13 கறுப்பின இளம்பிள்ளைகள் இறந்தார்கள். அவர்களுக்காக ஒருவர் ட்ரொம்போன் என்ற பித்தளை ஊதுவாத்தியத்தை மட்டும் தனியாக வாசித்தார். யாரும் எதையும் விளக்கவில்லை. தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன் மட்டுமே என்று தோன்றியது.

திரும்பி வரும்போது 2018ஐப் பற்றிக் கதைத்தோம். பிள்ளைப் பருவத்தில் சட்டப்படி வந்து ஐம்பது வருடம் வேலை செய்து வரி கட்டியவர்களிடம் தாள் கேட்டு, தாள் இல்லை என்று வேலையையும் வைத்தியத்தையும் பறித்து, சிலரை நாடுகடத்தியும் விட்ட விவகாரம் வெளியில் வந்து, சித்திரையில் உள்துறை அமைச்சர் பதவி விலகிய வருடம் அது. அதே வருடம் கார்த்திகையில் யுனெஸ்கோ ஜமைக்காவின் ரெகேயை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அகதியாக வந்த நாங்கள் முதல் நாளில் இருந்தே ஒவ்வொரு துண்டுத் தாளையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவைத்தோம். அவர்களோ பிரித்தானியக் குடிகளாகவே கப்பலேறியவர்கள், தாள் சேர்க்க வேண்டும் என்று யார் நினைத்தார்கள்? “என் அப்பாவின் வீட்டில் மிஞ்சிய சாட்சி அந்த நனைந்த உறை ஒன்றுதான்” என்றார் பஸ் மாமா. அந்த மூப்பர் சாகும்வரை ரெகேயை ஏற்றுக்கொள்ளவில்லையாம். ஆனால் நோயில் படுத்த கடைசி மாதத்தில், பக்கத்து அறையில் பாட்டு ஓடினால் கதவைச் சாத்தச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாராம்.

நீ மிருதங்கத்தை விட்டது இன்றும் எனக்கு இழப்பாகவே படுகிறது. இதை எழுதும்போதும் அந்த எண்ணம் மாறவில்லை. உன் வலக்கை எழுப்பும் வலந்தலை நாதம் அப்படி. ஆனால் அந்தக் கிற்றாரை நான் சத்தம் என்று சொன்னது பிழை.

இனி விசயத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளை வாசித்த பேஸ் இரவல். ஆடி மாதம் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். நேற்று மேல்மாடிக்கு ஏறி, சூட்கேசுகளுக்குப் பின்னால் இருந்து உன் கிற்றாரை எடுத்துத் துடைத்தேன். மரம் பழுதில்லை, கழுத்தும் நேராக இருக்கிறது. கம்பிகள் துருவேறி, மெல்லியது அறுந்துவிட்டது. கடையில் எந்தத் தடிப்பில் வேண்டும் என்று கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ சம்மதித்தால் அவளுக்குக் கொடுக்கலாம். நீ வரும்போது திருப்பித் தருவாள் என்று அவள் தாத்தா பொறுப்பு நிற்கிறார். சம்மதமா என்பதையும், நான்கு கம்பிகளின் தடிப்பையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா