செப்டம்பர் வெயிலில் எல்க் கறி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்க மான் வேட்டை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். லைசென்ஸ் வாங்கிவிட்டால் யாரும் காட்டுக்குப் போய் வேட்டையாடலாம் என்கிற தொனியில் இருந்தது. நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். பத்தொன்பது வருடமாக அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கிறேன். வில்லோடு காட்டுக்குப் போகிறவன். இங்கே நடைமுறை அப்படி இல்லை.

எல்க் என்கிற பெரிய மானுக்கு லைசென்ஸ் போகத் தனியாக ஒரு டேக், அதாவது ஒரு மானை மட்டும் வேட்டையாடுவதற்கான அனுமதிச் சீட்டு, வேண்டும். அதை மாநில வனவிலங்குத் துறை பெரும்பாலும் குலுக்கல் போட்டுத்தான் தருகிறது. எந்தப் பகுதி, எந்தப் பருவம், வில்லா துப்பாக்கியா என்று குறித்துப் பிப்ரவரி தொடக்கத்துக்குள் மனுப் போட வேண்டும். கிடைக்காத வருடத்துக்கு ஒரு போனஸ் பாயின்ட். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் கம்ப்யூட்டர் கூடுதலாக ஓர் எண் எடுக்கும். இருப்பதில் சின்ன எண்தான் நம் எண். எண் சின்னதாக இருந்தால் டேக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இத்தனை கெடுபிடிக்குக் காரணம் உண்டு. அரிசோனாவின் சொந்த எல்க் இனம் 1900 வாக்கிலேயே அற்றுப்போய்விட்டது. இப்போதைய கூட்டம், 1913இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட 83 மான்களிலிருந்து தொடங்கியது.

எனக்குப் பதினோராவது மனுவில், 2022இல் டேக் விழுந்தது. மகியோன் ரிம் மலைக்காடு, செப்டம்பர் வில் பருவம். ஆண் எல்க் இணை தேடிக் கூவும் மாதம் அது. பதில் குரல் கொடுத்தால் முப்பது கஜத்துக்குள் வந்து நிற்கும். அதனால் எல்லோருக்கும் அந்தப் பருவம்தான் வேண்டும். ஆனால் ஏழாயிரம் அடி உயரத்திலும் அப்போது பகலில் 27 டிகிரி அடிக்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்பு விட்டேன். கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது. அம்பில் இருந்த ரத்தம் கருஞ்சிவப்பாக இருந்ததால் ஈரல் என்று தெரிந்தது. ஈரலில் பட்ட மானை உடனே தேடிப் போகக் கூடாது. எழுந்து ஓடிவிடும், அப்புறம் கிடைக்காது. ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் சொட்டுச் சொட்டாகத் தடம் பார்த்துப் போய்ச் சேர இரவு ஒரு மணி. விழுந்த மரம் ஒன்றை ஒட்டி, வலப்பக்கம் கீழாகக் கிடந்தது. தோலைக் கீறி உள்ளே கை வைத்தேன், சுட்டது.

நாங்கள் இரண்டு பேர்தான். மேல்பக்கத்தை உரித்துத் தொங்கவிட்டு, கீழ்ப்பக்கத்தைப் புரட்டும்போது விடியத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அந்த வலது பின்தொடையை எலும்போரமாக அறுத்தேன். வெளியே செக்கச் செவேலென்று இருந்த கறி, இடுப்பு மூட்டருகே சாம்பல் பச்சையாக இருந்தது. நாற்றத்திலேயே தெரிந்துவிட்டது. எட்டுக் கிலோவுக்கு மேல் கழித்துப் போட்டேன். ஓர் உயிரை எடுத்துவிட்டு அதன் கறியைக் காப்பாற்றவில்லையே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்ணத்தக்க கறியைத் தெரிந்தே வீணாக விடுவது இந்த மாநிலத்தில் சட்டப்படியே குற்றம். தெரியாமல் விட்டதும் எனக்கு லேசாகப் படவில்லை.

எனக்குக் கறி வெட்டத் தெரியாமல் இல்லை. ஊரில் தீபாவளிக்குப் பங்குக்கறி போடும்போது அப்பாவோடு உட்கார்ந்து உரித்துப் பழகியவன். விடியக்காலை நாலு மணிக்கு அறுத்தால் எட்டு மணிக்குள் பங்கு வீடு வீடாகப் போய்விடும், பத்து மணிக்குக் குழம்பு கொதிக்கும். ஐஸுக்கு வேலையே இல்லை. ஆட்டுத்தொடை தானாக ஆறிவிடும். எல்க்கின் ஒரு பின்தொடை மட்டும் எலும்போடு முப்பது கிலோ வரும். முழு ஆட்டைவிடக் கனம். நடுவில் எலும்பு, சுற்றித் தடித்த சதை, மேலே அடர்ந்த ரோமம். உள்சூடு வெளியேற வழி கிடையாது. தொட்டால் சில்லென்று இருக்கும், உள்ளே எலும்பருகே கெட்டுக்கொண்டிருக்கும்.

இங்கே நம் பிள்ளைகள் சிலர் இப்போது வில் எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மான் கிடைத்ததும் படம் எடுப்பது அப்புறம் இருக்கட்டும், முதலில் தோலை எடுங்கள். வயிற்றைத் திறக்காமலேயே நாலு காலையும் வெளியிலிருந்து பிரித்துவிடலாம். கீழே கிடந்த பக்கத்தைச் சீக்கிரம் புரட்டுங்கள். பின்தொடையில் எலும்பு நெடுகக் கத்தியால் கீறித் திறந்துவிடுங்கள். எலும்பையே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், காற்றுப் போகும் துணிப்பையில் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். ஐஸைக் கறிமேல் கொட்டினால் உருகிய தண்ணீரில் ஊறிப்போகும். நான் இப்போது இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்துத்தான் பெட்டியில் அடுக்குகிறேன்.

இன்னொன்று, வெயில் பருவத்தில் சாயங்காலக் கடைசி வெளிச்சத்தில் இனி அம்பு விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கொஞ்சம் தவறினாலும் காத்திருக்கும் நேரமெல்லாம் கறிக்குக் கேடு. இந்த முறை நவம்பர் வில் பருவத்துக்குத்தான் மனுப் போட்டிருக்கிறேன். மான் கூவாது, ஆனால் ராத்திரியில் தண்ணீர் உறையும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் குலுக்கலைப் பற்றியும் கறியைப் பற்றியும் நாலு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாண்ட்லர், அரிசோனா