சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு விலை கேள்

செங்கோட்டை
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மகளுக்கு,

புதுக் கார் வாங்கலாம் என்று நீ அனுப்பிய மூன்று வண்டிப் படங்களையும் அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மாவுக்கு அந்தச் சிவப்பு வண்டிதான் பிடித்திருக்கிறது. மைலேஜ், பெரிய திரை, மேலே திறக்கிற கண்ணாடி என்று எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறாய். சீட்டைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. போன மாதம் நீ வந்தபோது, வாசலில் இறங்கியதும் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் குனிந்தபடியே நின்றாய். நான் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்படி நான் நின்றதை நீ சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்திருப்பாய். போனில் சொன்னால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

இருபத்தெட்டு வருடம் இந்த மலைப்பாதையில் டாக்சி ஓட்டியவன் நான். முதல் வண்டி அம்பாசிடர், முன்னால் ஒரே நீளமாகப் பெஞ்சு சீட். உள்ளே ஸ்பிரிங், அதன்மேல் தேங்காய் நார். இரண்டு வருடத்தில் டிரைவர் உட்காருகிற வலது ஓரம் மட்டும் அமுங்கிவிட்டது. நாள் முழுக்க உடம்பு கதவுப் பக்கம் சாய்ந்தே இருக்கும். துண்டை நாலாக மடித்து வலது பக்கம் அடியில் வைத்துக்கொண்டுதான் கொல்லம் வரை போய் வருவேன். பின் பாக்கெட்டில் வேறு தடிமனான பர்ஸ். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய உடம்போடு எத்தனை வளைவு திருப்பினேன் என்று கணக்கில்லை.

அதைவிடப் பெரிய தப்பு, நீ பிளஸ் டூ படிக்கும்போது வாங்கின வண்டி. ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன், மெத்தை மாதிரி இருந்தது. அந்த மெதுமெதுப்பை நம்பி அன்றைக்கே முன்பணம் கொடுத்தேன். முதல் கொல்லம் சவாரியில், திரும்பி வருகையில் ஆரியங்காவு செக்போஸ்டில் இறங்க முடியவில்லை. இடுப்பு குழிக்குள் இறங்கி, முழங்கால் மேலே நின்று, முதுகு வில்லாக வளைந்து மூன்று மணி நேரம் இருந்திருக்கிறேன். டீக்கடைச் சேட்டன் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். 'நடுவேதனையா அண்ணாச்சி?' என்று, இடுப்பு வலியா என்று அவர் மலையாளத்தில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ரொம்ப மெத்தென்ற சீட்டுதான் நீண்ட தூரத்துக்கு மோசம் என்பதை அந்தச் சவாரியில்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் வண்டி என் பெயருக்கு வந்துவிட்டது.

டிஸ்க் விலகியிருக்கிறது என்று படம் எடுத்துச் சொன்ன டாக்டர் ஒரு விஷயம் விளக்கினார். 1960-களில் சுவீடனில் நாகெம்சன் என்ற டாக்டர், உயிருள்ள மனிதர்களின் முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் என்ற அந்தத் தட்டுக்குள் ஊசி விட்டு அழுத்தத்தை அளந்திருக்கிறார். நிற்பதைவிட, சாயாமல் உட்காரும்போது அழுத்தம் கூடுதலாக இருந்ததாம். பின்னால் கொஞ்சம் சாய்ந்து, இடுப்புக்கும் தாங்கல் இருந்தால் அது குறைகிறது என்று பின்னால் வந்த ஆராய்ச்சியிலும் தெரிந்ததாம். அதோடு வண்டியின் அதிர்வு வேறு. முதுகை நெட்டுக்குத்தாக வைத்தாலும் கெடுதல், கூனினாலும் கெடுதல். உட்காருகிற பலகைக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவில் நூறு டிகிரியிலிருந்து நூற்றுப்பத்து வரை சாய்வு போதும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ உன் ஆச்சி மாதிரி உயரம் குறைவு. சீட்டின் அடிப்பலகை நீளமாக இருந்தால் உன் முழங்காலுக்குப் பின்னால் போய் இடிக்கும். நீ உன்னை அறியாமலே முன்னால் நகர்ந்து உட்காருவாய், இடுப்பு அந்தரத்தில் நிற்கும். போன தடவை நீ ஓட்டும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதுதான் நடந்தது. அதனால் முதுகை நன்றாக ஒட்டி உட்கார்ந்துகொண்டு, முழங்காலின் பின்பக்கத்துக்கும் சீட்டு நுனிக்கும் இடையில் விரலை விட்டுப் பார். இரண்டு, மூன்று விரல் போகணும். அப்புறம் கையை இடுப்புக்குப் பின்னால் விட்டுப் பார். கை தடையில்லாமல் அந்தப் பக்கம் போய்விட்டால் அங்கே தாங்கல் இல்லை என்று அர்த்தம். இடுப்புத் தாங்கலைக் கூட்டிக் குறைக்கிற வசதி பெரும்பாலும் விலை கூடின வண்டியில்தான் வரும். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். சின்னத் துண்டைச் சுருட்டி வைத்தே சமாளிக்கலாம். ஆனால் சீட்டு நீளத்தைத் துண்டு வைத்துக் குறைக்க முடியாது.

சீட்டை உயர்த்துகிற நெம்புகோலும், முன்னும் பின்னும் இழுக்கிற ஸ்டியரிங்கும் உனக்குக் கட்டாயம் வேண்டும். கீழ் மாடலில் பல வண்டிகளில் இவை இருக்காது. மாப்பிள்ளை ஆறடி, அவரும் ஓட்டுவார், நீயும் ஓட்டுவாய், ஒரே அளவு இரண்டு பேருக்கும் எப்படிச் சரிப்படும்? மேலே திறக்கிற கண்ணாடிக்குக் கொடுக்கிற பணத்தை இதற்குக் கொடு. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்குச் சமமாகவோ கொஞ்சம் கீழாகவோ இருக்கணும். ஏறும்போது விழுகிற மாதிரியும் இருக்கக் கூடாது, காலைத் தூக்கி ஏறுகிற மாதிரியும் இருக்கக் கூடாது. அந்த வகையில் வேகன் ஆர் மாதிரி உயரமான சின்ன வண்டிகள் எனக்குப் பிடிக்கும். ஏறும்போது முதலில் இடுப்பைச் சீட்டில் வைத்து உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடு. இறங்கும்போதும் அப்படித்தான்.

கியர் விஷயத்தில் ஆட்டோமேட்டிக்கே எடுத்துக்கொள். உங்கள் ஊர் எடப்பள்ளி நெரிசலில் கிளட்சைப் பாதி மிதித்து நிற்கிற இடது காலின் பாரம் இடுப்பில்தான் வந்து சேரும். பெரிய சக்கரம், மெல்லிய டயர் பார்க்க அழகு, குழியில் விழுந்தால் நேரே முதுகெலும்புக்கு வரும். டயர் காற்றை, கதவோரம் ஒட்டியிருக்கிற சீட்டில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் வைக்காதே.

ஓட்டிப் பார்ப்பதை அவர்கள் காட்டுகிற நல்ல ரோட்டில் மட்டும் முடித்துவிடாதே. வேகத்தடையும் குழியும் உள்ள தெருவில் அரைமணி நேரமாவது ஓட்டு. வலி எப்போதும் இருபது நிமிடம் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். இன்டர்நெட்டில் யாரோ அருமையான சீட் என்று எழுதியிருந்தால் அது அவர்கள் உடம்புக்கு அருமை.

எந்த வண்டி எடுத்தாலும் எர்ணாகுளத்திலிருந்து ஒரே மூச்சில் வராதே. மூவாற்றுப்புழை, பாலா, பத்தனம்திட்டா, புனலூர் என்று நின்று வா. புனலூரில் 1877-ல் கட்டின தொங்கு பாலத்துப் பக்கம் இறங்கிப் பத்து நிமிடம் நட. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் தெரிகிற இடத்திலும் பாப்பாவுக்குக் காட்டுகிற சாக்கில் இறங்கு.

ஒன்று மட்டும் கவனம். வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் போனாலோ, ஒன்றுக்கு அடக்க முடியாமல் போனாலோ, சீட்டையும் துண்டையும் நினைத்துக்கொண்டிருக்காதே. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. நான் மூன்று மாதம் தைலம் தேய்த்துக்கொண்டு வீணாக்கினேன்.

முன்பணம் இன்னும் கொடுத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், சனிக்கிழமை காலையில் எர்ணாகுளம் டவுனில் இருப்பேன். மூன்று ஷோரூமுக்கும் சேர்ந்து போகலாம். நீ ஓட்டு, நான் பின்சீட்டில் இருந்து உன் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுகிறாள், காலி பாட்டிலை எடுத்து வை.

அன்புடன்,
அப்பா