மாவட்டக் கல்லூரி ஆசிரியர்களின் ஆய்வுக்கும் பல்கலைக்கழக விருது வேண்டி உயர்கல்வித் துறைச் செயலாளருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற முதுகலைத் தமிழாசிரியர்,
பென்னாகரம் வட்டம்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை - 600 009.

பொருள்: மாநிலப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் சிறந்த ஆய்வாளர் விருதுகளுக்கு இணைவுபெற்ற கல்லூரி ஆசிரியர்களையும் தகுதியுடையோராக்குதல் - ஆய்வைப் படித்துப் பார்த்துத் தேர்வு செய்ய வழிகாட்டு நெறிமுறை வெளியிடுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பென்னாகரம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எந்த விருதுக்கும் விண்ணப்பிக்கும் இடத்தில் நான் இல்லை. என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் இன்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள். அவர்களும் அவர்களுடைய சக ஆசிரியர்களும் இந்த மண்ணின் தண்ணீரைப் பற்றியும் தானியத்தைப் பற்றியும் நடுகற்களைப் பற்றியும் செய்துவரும் ஆய்வுகளை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். பல்கலைக்கழகங்கள் அறிவிக்கும் சிறந்த ஆய்வாளர் பட்டியல்களில் அப்படிப்பட்ட ஆய்வு ஒன்று இடம்பெற்று நான் பார்த்ததில்லை. ஏன் என்று விசாரித்தபோது, ஆய்வில் குறையில்லை, விருதின் விதியில்தான் குறை இருக்கிறது என்று தெரிந்தது. அந்த விதியை மாற்றித் தர வேண்டும் என்பதே இந்த மனு.

எனக்குக் காட்டப்பட்ட ஓர் அறிவிப்பில் இருந்ததைச் சொல்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று பெயர் சொல்லிக் குறைகூறுவது என் நோக்கமன்று. பல இடங்களிலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான் என்கிறார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள துறைகளின் நிரந்தர ஆசிரியர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். இணைவுபெற்ற கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கு இடமில்லை. விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படுபவை நான்கு எண்கள்: உலக ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்தில் ஏறிய கட்டுரைகள் எத்தனை, அந்த இதழ்களின் தாக்கக் காரணி எவ்வளவு, மேற்கோள்கள் எத்தனை, கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்துக் கணக்கிடும் எச்-குறியீடு எவ்வளவு. ஆய்வு எதைப் பற்றியது, அதனால் என்ன தெரியவந்தது என்று எழுதப் படிவத்தில் ஒரு வரி இடம்கூட இல்லை.

இந்த விதி எதைத் தவறவிடுகிறது என்பதற்கு எங்கள் தண்ணீரையே சான்றாகச் சொல்லலாம். இந்தப் பகுதிப் பள்ளிகளில் பாடம் நடத்திய எந்த ஆசிரியரும் பற்களில் பழுப்புக் கறை படிந்த குழந்தைகளைப் பார்க்காமல் ஓய்வு பெற்றிருக்க மாட்டார். சிரிப்பு வந்தால் உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்ளும் பெண் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீர், பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து, பற்களில் இப்படிக் கறையேற்றும் ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. மழை பொய்த்து ஆழ்துளைக் கிணறுகள் கீழே போகப் போக அத்தகைய நீரையே குடிக்க வேண்டியதாகிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறார்கள். அதைத் தாண்டிய நீரைப் பல்லாண்டுகள் குடித்தால் பல்லோடு நிற்காமல் எலும்பையும் பாதிக்கிறது. இதற்காகத்தான் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் வீட்டுக் குழாயில் வந்தது எங்கள் தலைமுறை கண்ட பெரிய நன்மை, அதற்கு என்றும் நன்றியுடையோம். ஆனாலும் குழாய் உடைந்த நாளிலும், கடைக்கோடிக் குடியிருப்புகளில் நீர் ஏறாத நாளிலும், மக்கள் பழைய கைப்பம்பையும் ஆழ்துளைக் கிணற்றையும்தான் நாடுகிறார்கள். அப்போது எந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம், எது துணி துவைக்க மட்டும் ஆகும் என்று யாராவது சொல்ல வேண்டுமல்லவா?

சொல்பவர் ஒரு கல்லூரி வேதியியல் ஆசிரியை. அவருடைய பெயரை எழுத அவர் சம்மதிக்கவில்லை. இளநிலை மாணவர்களை வைத்துக்கொண்டே இந்த வேலையைச் செய்கிறார். ஊருக்குப் போகும் மாணவர்கள் நீர் எடுத்து வருவார்கள். பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும், கண்ணாடி கூடாது, ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்று முதல் நாளே சொல்லிவிடுவார். பாட்டிலின் கழுத்தில் சுற்றிய பிளாஸ்திரித் துண்டில் கிணற்றுக்காரர் பெயர், ஆழம், நீர் எடுத்த நாள் மூன்றும் பால்பாயின்ட் பேனாவில் இருக்கும். மாதிரியில் வினைப்பொருளைச் சில சொட்டு விட்டதும் இளஞ்சிவப்பு நிறம் வெளுத்து மஞ்சளை நோக்கி நகரும். மஞ்சள் கூடக் கூட ஃபுளோரைடு அதிகம். சந்தேகத்துக்குரியவற்றை மின்முனைக் கருவியில் மறுபடி அளந்த பிறகுதான் பதிவேட்டில் ஏற்றுவார். பிறகு அந்தந்த ஊருக்குப் போய்ப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து முடிவைச் சொல்வார். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் பலரின் நம்பிக்கை. காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கி முன்னைவிடச் செறிவாகிவிடும் என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் இருந்த எனக்கே அது புதுச் செய்தி. ரேஷன் கடைச் சுவரில் அவர் ஒட்டிய தாளைப் பார்த்து எங்கள் தெருவில் தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றிய வீடுகள் உண்டு.

இந்த உழைப்பிலிருந்து அவர் எழுதி அனுப்பிய கட்டுரையை, இது வட்டார அளவிலான தரவு, உலக வாசகர்களுக்கு ஆர்வமிருக்காது என்று ஒரு வெளிநாட்டு இதழ் திருப்பி அனுப்பியது. விருதுப் படிவத்தின்படி அவருடைய மதிப்பெண் சுழியம். ஐயா, ஓர் ஊரின் குடிநீர் அந்த ஊர் அளவிலான செய்தியாகத்தான் இருக்க முடியும். அதனால் அது ஆய்வில்லை என்று ஆகிவிடுமா?

என் பாடம் தமிழ் என்பதால் நடுகற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிறைய உண்டு. தொறு எனப்படும் மாட்டுமந்தையை மீட்டு வீழ்ந்தவனின் பெயரும், ஆண்ட மன்னனின் ஆட்சியாண்டும், ஊர்ப் பெயரும் அவற்றில் இருக்கின்றன. வயல் வரப்பில் சாய்ந்தும், புதர் மூடியும், சில இடங்களில் துணி துவைக்கும் கல்லாகவும் கிடப்பவற்றைத் தேடி, பாசியைத் துடைத்து, ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டி மைப்படி எடுத்து, தேய்ந்த ஓர் எழுத்துக்காகப் பல நாள் மல்லுக்கட்டி வாசித்துப் பதிப்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவது தமிழில். வெளியாவது தமிழ் ஆய்விதழ்களிலும் தொகுப்பு நூல்களிலும். விருதுக் குழு நோக்கும் தரவுத்தளங்களில் தமிழ் இதழ்களைக் காண்பதே அரிது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் தரும் விருதில் தமிழில் எழுதிய ஆய்வு கணக்கில் வராது என்றால் அதை எங்கே போய் முறையிடுவது?

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் பேராசிரியர் கா. ராஜன் 2003-இல் அகழாய்வு செய்தார். மாநிலத் தொல்லியல் துறை அங்கே மீண்டும் தோண்டி, கிடைத்த மாதிரிகளைக் காலக்கணிப்புக்கு அனுப்பி, அந்த இடத்தில் இரும்பின் பயன்பாடு பொ.ஆ.மு. (கி.மு.) 2172 வரை பின்னோக்கிச் செல்கிறது என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2022 மே மாதம். இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேழ்வரகு, சாமை, கொள்ளு ஆகியவற்றில் ஊரின் பெயர் தாங்கி வெளிவந்த ரகங்களும் ஓரிரு ஆண்டில் உருவானவை அல்ல. கடந்த ஆண்டில் எத்தனை கட்டுரை என்று கேட்கும் படிவத்தில் இவ்வகை ஆய்வுகளுக்கு எந்தக் கட்டத்தில் இடம் கிடைக்கும்?

எண்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பம் குவிந்தால் ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் தாக்கக் காரணி என்பது ஓர் இதழில் வரும் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் கணக்கு. அதை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டே தனி ஆய்வாளரை எடைபோட அதைப் பயன்படுத்துவதைக் குறித்து எச்சரித்திருக்கிறார். இதழின் எண்ணைக் கட்டுரையின் தரத்துக்கு ஈடாகக் கொள்ளக் கூடாது என்று 2012-இல் உருவான சான்பிரான்சிஸ்கோ பிரகடனத்தில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் கையொப்பமிட்டுள்ளன. நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் குறிக்கும் தன் கேர் (CARE) பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டு, இதழ்களின் தரத்தைக் கல்வி நிறுவனங்களே ஆராய்ந்து கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. ஆக, படித்துப் பார்த்து முடிவு செய்யும் பொறுப்பு இப்போது பல்கலைக்கழகங்களின் கையில்தான் இருக்கிறது. எண்ணிக்கைக்குப் பரிசு என்று ஆனபின், கட்டுரையில் பெயரைச் சேர்க்கப் பணம் வாங்கும் இடைத்தரகர்கள் முளைத்திருப்பதும் தங்களுக்குத் தெரியாததன்று.

கல்லூரி ஆசிரியரின் நிலைமையையும் தாங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். மானியக் குழுவின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடி வகுப்பு. அதற்குமேல் விடைத்தாள் திருத்தம், சேர்க்கைப் பணி, தேர்வுப் பணி. முனைவர் பட்ட மாணவர்கள், திட்ட நிதி, பெரிய கருவிகள் எல்லாம் உள்ள வளாகத் துறையின் பேராசிரியரோடு இவரை ஒரே வரிசையில் நிறுத்தினால் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். கௌரவ விரிவுரையாளர்களின் நிலை இன்னும் கடினம். முனைவர் பட்டமும் பெற்று, நல்ல ஆய்வும் செய்து, நிரந்தரப் பணி இல்லை என்ற ஒரே காரணத்தால் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இவை. உயர்கல்வித் துறைச் செயலாளர் என்ற முறையில் தாங்கள் பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களில் உறுப்பினராக இருக்கிறீர்கள். அந்தப் பொறுப்பிலிருந்து, மாநிலப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் ஆய்வு விருதுகள் அனைத்துக்கும் பொதுவான வழிகாட்டு நெறிமுறை ஒன்றை வெளியிட வேண்டும். இணைவுபெற்ற அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கு, கௌரவ விரிவுரையாளர்களையும் சேர்த்து, தனிப் பிரிவு வேண்டும். வளாகத்தோடு போட்டியிட வைத்துவிட்டு அதை வாய்ப்பு என்று சொல்லிவிடக் கூடாது.

தேர்வு முறைதான் இதில் முக்கியம். விண்ணப்பிப்பவர் தம்முடைய மிகச் சிறந்த ஆய்வுகள் இரண்டை மட்டும் கொடுக்கட்டும். ஒவ்வொன்றிலும் தாம் கண்டறிந்தது என்ன என்று இரண்டு பக்கத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும். அந்தந்தத் துறை அறிந்த வெளியாட்கள் இருவர் அவற்றை முழுவதும் படித்து எழுத்தில் கருத்துச் சொல்லட்டும். கட்டுரை மட்டுமல்லாமல் கல்வெட்டுப் பதிப்பு, பயிர் ரகம், நீர்த்தர வரைபடம், பழங்குடி மொழிச் சொல்லகராதி போன்றவையும் ஆய்வாகக் கொள்ளப்பட வேண்டும். கடந்த ஓராண்டு என்ற வரம்பைப் பத்தாண்டாக விரிக்க வேண்டும். வெளியான பின் பிழை காரணமாக இதழ் திரும்பப் பெற்ற கட்டுரை இருக்கிறதா என்று பார்ப்பதும், பிறர் எழுத்தைக் களவாடியிருக்கிறதா என்று சோதிப்பதும் கட்டாயமாக வேண்டும். தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தை அறிவிப்போடு சேர்த்து வெளியிட்டால் தேர்வாகாதவர்களுக்கும் மனக்குறை இருக்காது.

விருது என்பது சால்வையும் கேடயமுமாக நின்றுவிடவும் கூடாது. ரொக்கத் தொகை குறைந்தால்கூடப் பரவாயில்லை. விருது பெற்றவருக்கு ஓராண்டு காலம் வகுப்பு நேரத்தில் பாதியைக் குறைத்து, அந்த வகுப்புகளுக்கு மாற்று ஆசிரியர் கொடுத்தால் அதைவிடப் பெரிய மரியாதை ஆய்வாளருக்கு வேறில்லை. வேதியியல் ஆசிரியையிடம் என்ன வேண்டும் என்று நான் கேட்டேன். வினைப்பொருள் வாங்கத் தம் சம்பளத்தில் செலவழிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாயும் வியாழனும் பிற்பகல் வகுப்பு இல்லாமல் இருந்தால் பாலக்கோடு பக்கத்து ஊர்களையும் பார்த்துவிடலாம் என்றுதான் சொன்னார்.

விருது வழங்கும் நிகழ்ச்சியையும் ஆண்டுக்கு ஒரு மாவட்டத்தில் வைத்து, பரிசு பெறும் ஆய்வை அந்த ஊர் மக்களுக்குப் புரியும் தமிழில் அரை மணி நேரம் பேசச் செய்தால், தங்கள் கிணற்றையும் தங்கள் ஊர்க் கல்லையும் பற்றிய ஆய்வு என்று கேட்க வருவோர் எங்கள் பக்கத்தில் நிறையவே இருப்பார்கள். இது கட்டாயம் என்று நான் கேட்கவில்லை, என் விருப்பம்.

அடுத்த கல்வியாண்டின் விருது அறிவிப்புகள் வெளிவரும் முன்பே இந்த நெறிமுறை பல்கலைக்கழகப் பதிவாளர்களுக்குச் சென்றடைய ஆவன செய்யுமாறும், இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நேரில் விளக்கம் தேவைப்பட்டால் சென்னைக்கு வரத் தயாராக இருக்கிறேன். ஆசிரியர்கள் சிலரையும் உடன் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற முதுகலைத் தமிழாசிரியர்

இடம்: பென்னாகரம்

நகல்:
மாவட்ட ஆட்சித் தலைவர், தருமபுரி
மாவட்ட ஆட்சித் தலைவர், கிருஷ்ணகிரி
கல்லூரிக் கல்வி ஆணையர், சென்னை